கோணாமலை வெட்டிய சொல்

தேற்றாத்தீவுக் கோணாமலைக்குக் கை நிறைய வேலை கொடுத்தது சுனாமிதான். அதைச் சொல்ல அவருக்கே கூச்சம். மட்டக்களப்பு நகரில், காணி அலுவலகம் ஒன்றின் எதிரே, வாகை மரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்து சனங்களுக்காகக் கொழும்புக்கு ஆங்கிலத்தில் பெட்டிசம், அதாவது மனு, அடிப்பவர். ‘மேய்ஹெம்’ என்ற சொல்லை அந்த நாட்களில்தான் வெள்ளைக்கார நிவாரணக்காரர் ஒருவரிடம் பிடித்துக்கொண்டார். பெரும் அமளி, நாசம் என்று அர்த்தம். அதன் பிறகு கடல் வந்தாலும் மேய்ஹெம், ஷெல் விழுந்தாலும் மேய்ஹெம். வாசிக்கிற அதிகாரி கண் கலங்க வேண்டும். அவருடைய தொழில் சூட்சுமமே அதுதான்.

யுத்தம் முடிந்த மறுவருடம் கரடியனாற்று யசோதினி வந்தாள். ஷெல்லில் புருஷனும் போய், அவளுடைய வலது கையும் முழங்கையோடு போயிருந்தது. அரசாங்கம் புருஷன் பெயரில் கொடுத்திருந்த வயல் பெர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்றாள். கோணாமலை வழக்கம்போல மேய்ஹெம் போட்டு உருகி உருகி அடித்தார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. இவ்வளவு இயலாதவரால் பயிர்செய்ய முடியாது. காணியைப் புருஷனின் தம்பிக்குக் கொடுக்கலாம். வாசித்த கோணாமலையின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வடித்த கண்ணீரே அவள் வயிற்றில் அடித்துவிட்டது.

மேன்முறையீட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வீட்டில், சுனாமித் தண்ணீரில் ஊறிப் புடைத்த அகராதியைப் புரட்டினார். மேய்ஹெம் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். ஆங்கிலச் சட்டத்தில் முதலில் அது ஒரு குற்றத்தின் பெயர்: சண்டையில் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதபடி ஒருவனுடைய கையையோ காலையோ கண்ணையோ போக்கிவிடுவது. அமளி என்ற பொருள் வெகுகாலம் பிந்தி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் யசோதினியிடம் அதை விளக்கிவிட்டு, “உனக்கெண்டே செஞ்ச சொல்லு புள்ள. இந்தமுறை இன்னும் அழுத்திப் போடுவம்” என்றார்.

“சண்டை பிடிக்க ஏலாத ஆளுக்கா இந்தச் சொல்லு?” என்று கேட்டாள் அவள். “அப்ப அத வெட்டுங்க அண்ணன். நான் சண்டை பிடிக்கத்தானே வந்திருக்கன்.”

“மறுகா என்னத்த எழுதுற?”

“மூணு போகமா நானே விதைச்சு வெட்டுறன் எண்டு எழுதுங்க. நம்பாட்டி எங்கட வயலுகளுக்குப் பொறுப்பான வட்டை விதானையக் கேக்கட்டும். வயலுக்கு வந்து பாக்கட்டும்.”

மூன்று போகம். அதை அவர் முதல் தடவை கேட்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, கண்ணீரே இல்லாமல் ஆறு வரி அடித்தார். பழக்கதோஷத்தில் பெருவிரல் மையை நீட்டினார். அவள் பேனாவை வாங்கி, இடது கையால் நிதானமாகக் கையெழுத்து வைத்தாள்.

பார்க்க வந்த அதிகாரி வரம்பில் நின்றபோது, தோளில் தொங்கிய பையிலிருந்து நெல்லை அள்ளி அவள் வீசி விதைத்துக்கொண்டிருந்தாள். பெர்மிட் அவள் பெயருக்கே வந்தது.

வாகை மரத்தடிக்கு வருகிறவர்களிடம் கோணாமலை முன்பெல்லாம் என்ன போச்சு என்றுதான் முதலில் கேட்பார். இப்போது பொறியில் தாளைச் செருகிவிட்டுக் கேட்கிறார்: “உங்களால என்னென்ன ஏலும்?”