மூன்றாவது பரீட்சையும் வெஸலின் விறகடுப்பும்

கெஸீனேவுக்குப் பரீட்சை வந்தால் வீட்டில் வைத்த பால் தானாகவே திரிந்துவிடும். இதைச் சொன்னவன் அவள் கணவன் எக்பெர்ட். பேருந்து ஓட்டுகிறவன், மிகைப்படுத்திப் பேச மாட்டான். நானும் அதிகம் சேர்க்கவில்லை. அவன் ஒரு குவளை என்றான், நான் பால் என்று பொதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஹார்ட்ஸ் மலைச் சரிவில் எங்கள் ஊர். பதினெட்டு வருடம் பேக்கரியில் மாவு பிசைந்தவள் கெஸீனே. மாவுத்தூசி மூச்சுக்கு ஆகவில்லை, அடுப்படியை விட்டுவிடு என்றார் டாக்டர். விட்டாள், முப்பத்தொன்பது வயதில் புகைபோக்கி துடைக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். "மாவுத்தூசி ஆகலைன்னு கரித்தூசிக்குப் போனவ உலகத்துலயே இவ ஒருத்திதான்" என்று ஊர் சிரித்தது. ஆனால் முகமூடி போட்டுக்கொண்டு அவள் கூரை ஏறுவதைப் பார்த்தால் பூனைகள் வெட்கப்பட்டு இறங்கிவிடும். வேலையில் குறையே கிடையாது. பரீட்சையில்தான் எல்லாம்.

பயிற்சி மூன்று வருடம். அதன் முடிவில் தேர்வு. மூன்று முறை எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தக் கதவு அவ்வளவுதான், நான்காவது கிடையாது. முதல் முறை சட்டப் பாடம் காலை வாரியது. இரண்டாவது முறை அவளைக் கவிழ்த்தது ஒரு கல்யாணப் பெண்.

தெருவில் புகைபோக்கிக்காரரைக் கண்டால் அவர் சட்டையின் பொன்னிறப் பொத்தானைத் திருகினால் அதிர்ஷ்டம். இதை நாங்கள் யாரும் விடுவதில்லை. அன்று தேர்வு நடந்த வீட்டில் மறுவாரம் கல்யாணம். கெஸீனே கொதிகலனின் புகைக்குழாயில் அளவுக்குழலைச் சொருகிவிட்டு எண்ணைக் குறிக்கப் போகிற நேரம் மணப்பெண் ஓடிவந்தாள். எல்லாப் பொத்தான்களையும் வரிசையாகத் திருகிக் கட்டியும் பிடித்தாள். மறுப்பது மரியாதையா? கெஸீனே நின்றுகொடுத்தாள். குழல் நழுவித் தரையில் விழுந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவள் கணக்குப்படி அந்தக் கொதிகலனிலிருந்து சுத்தமான மலைக்காற்று வந்துகொண்டிருந்தது. தோல்வி. மணப்பெண்ணுக்கு அந்த வருடமே இரட்டைக் குழந்தை.

ஆக, இது மூன்றாவது. பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை.

"ஒரு வாய் ரொட்டியாவது தின்னுட்டுப் போயேன்" என்றான் எக்பெர்ட்.

"உள்ள போனா அதே வேகத்துல வெளிய வந்துடும்."

"அப்ப காப்பி?"

"எக்பெர்ட், இன்னிக்குப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பேக்கரிக்கும் திரும்ப முடியாது."

"என் பஸ்ஸைத் துடை."

அவள் சிரிக்கவில்லை. பொத்தான் தெரியாதபடி எக்பெர்ட்டின் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு போனாள்.

தேர்வு வீடு, ஓய்வுபெற்ற தபால்காரர் டிரவுகாட் வெஸலுடையது. தனிக்கட்டை. வாசலிலேயே எல்லாருடைய காலணியையும் கழற்ற வைத்தார். தேர்வாளர்கள் மூன்று பேர். தலைவர் லூடெக்கே, வெஸலோடு வாரந்தோறும் சீட்டாடுபவர். "வம்பில்லாத வீடு" என்று அதைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. பன்னிரண்டரைக்குள் முடிக்க வேண்டும்.

புகைபோக்கியைத் துடைத்தாள். கரி அள்ளும் கதவைப் பார்த்தாள். கூடத்து விறகடுப்பை மூட்டி அளந்தாள், எண்ணை மூன்று முறை சரிபார்த்தாள். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியதில் படிவத்தில் ஏழுகள் எல்லாம் குடை பிடித்தன.

"ஐயா, சமையலறையில எக்ஸாஸ்ட் ஃபேன் ஏதாவது இருக்கா?"

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? ஜன்னலைத் திறந்தா ஆச்சு" என்றார் வெஸல்.

எட்டிப் பார்த்தாள். மேலே அலமாரிகள்தான். 'இல்லை' என்று குறித்தாள்.

தெருவில் கண்டால் பொத்தானைத் திருகுகிற நாங்கள், அதே ஆள் வீட்டுக்குள் வருகிறார் என்றால் கள்ளக்கடத்தல்காரர்கள் ஆகிவிடுவோம். அடுப்பை ஒட்டிப் போட்ட சோபா அன்று காலை சுவருக்குப் போகும். எரிக்கக் கூடாத வண்ணம் பூசிய பலகைகள் தார்ப்பாய்க்குள் போகும். வெஸலும் எங்கள் ஊர்க்காரர்தானே.

ஆனால் பன்னிரண்டு மணி அடித்தால் வயிறு பொய்யை மறந்துவிடுகிறது. வெஸல் உருளைக்கிழங்கைப் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் போட்டு வறுக்க ஆரம்பித்தார். வாசனைக்கு லூடெக்கேயின் மீசை எழுந்து நின்றது. இனிக் கையெழுத்து மட்டுமே பாக்கி. கெஸீனே பேனாவை எடுத்தாள். சமையலறையில் ஏதோ 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கியது.

கூடத்து அடுப்பில் நிமிர்ந்து நின்ற நெருப்பு சோம்பலாகத் தலை சாய்த்தது. அடுப்புக் கதவின் கீழ்த்துளையிலிருந்து நூல் போலப் புகை வெளியே வந்தது. அவள் மார்பில் தொங்கிய விஷவாயு எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டது.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் லூடெக்கே. "பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"ஐயா, கருவி கத்துது."

"கெழட்டுக் கருவி. என் மாமியார் மாதிரி, காத்தடிச்சாக்கூட கத்தும்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். கெஸீனே பேனாவைக் காகிதத்துக்கு மேலேயே நிறுத்தினாள். கையெழுத்துப் போட்டால் தேறிவிடுவாள். போடாமல், ஃபேன் பற்றிய அந்த 'இல்லை'யை அடித்தால் படிவம் முழுவதும் புதிதாக எழுத வேண்டும், நேரம் இல்லை. கருவி பொய் சொல்லியிருந்தால் தலைவரின் நண்பர் வீட்டையும் அவமதித்தவள் ஆவாள். மூன்றாவது முறை.

தீக்குச்சி கிழித்துத் துளையருகே பிடித்தாள். சுடர் அடுப்புக்குள் போகவில்லை. அவள் பக்கமாகவே சாய்ந்தது.

"எல்லாரும் வெளிய போங்க."

யாரும் அசையவில்லை.

"வெளிய!" இது பேக்கரிக் குரல். அதிகாலை நாலு மணிக்கு மாவு இயந்திரத்தை மீறி ஒலித்த குரல். மூன்று தேர்வாளர்களும் காலுறையோடு பனியில் நின்றார்கள்.

ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். வெஸல் தலைக்கு மேல் அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்ளே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. காற்று நுழைய இடுக்கே இல்லாத புது ஜன்னல்கள் போட்ட வீட்டில், அதுதான் இதுவரை புகைபோக்கியின் புகையைக் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

"இல்லைன்னீங்களே!"

"மச்சான் மாட்டினான்மா. புகைபோக்கிக்காரங்ககிட்ட எவன் உண்மை சொல்றான்?"

விசிறியை அணைத்து அவரையும் தள்ளிக்கொண்டு போனாள். எரிந்துகொண்டிருந்த கட்டைகளை மூடிபோட்ட இரும்பு வாளியில் வாரி வெளியே வைத்தாள். பிறகு படிவத்தோடு வெளியே வந்து 'இல்லை'யை அடித்துவிட்டு, பக்கத்தின் குறுக்கே எழுதினாள்: இந்த அடுப்பை மூட்டக் கூடாது. கட்டைவிரல் கரி பாதிப் பக்கத்தை மறைத்தது. கையெழுத்துக்குப் பேனாவை வைத்தபோது லூடெக்கே கடிகாரத்தைத் தட்டினார். பன்னிரண்டரை.

"பிப்ரவரியில அடுப்பை மூடிட்டியே தாயே, நான் விறைச்சுச் சாகவா?" என்றார் வெஸல்.

"விறைச்சா போர்வை இருக்குங்க. இந்தப் புகைக்குப் போர்வை கெடையாது."

தேர்வாளர்கள் காலணியை மாட்டாமலேயே விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கூடிப் பேசினார்கள். இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் கெஸீனே கூரை விளிம்பில் தொங்கிய பனிக்கட்டி ஊசிகளை எண்ணினாள்; நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள், முப்பத்தெட்டு. மூன்று எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

லூடெக்கே வந்தார். "படிவம் முழுசா இல்லை. கையெழுத்து இல்லை. அலமாரியைத் திறந்து பார்க்காம 'இல்லை'ன்னு குறிச்சது பெரிய தப்பு."

"ஆமாங்க."

"அதுக்கெல்லாம் மதிப்பெண் போச்சு." மீசையைத் துடைத்தார். "ஆனா நாங்க உயிரோட நிக்கிறோம். நாலு."

எங்கள் மதிப்பெண் முறையில் ஒன்று உச்சம், நான்கு தேர்ச்சியின் கடைசிப் படி, ஐந்து என்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"நாலுன்னா... நாலேதானாங்க? நாலரை ஒண்ணும் இல்லையே?"

"இன்னொரு தடவை கேட்டா அஞ்சாக்கிடுவேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வெஸல் கையோடு கொண்டுவந்திருந்த வாணலியிலிருந்து ஆறிப்போன கிழங்கை விரலால் எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். பாதி வாணலி காலி.

ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே லூடெக்கே அருகில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "திங்கட்கிழமை எங்க வீட்டுப் பக்கம் வர முடியுமாம்மா? விறகடுப்பை ஒருதரம் பார்க்கணும். சம்சாரம் புது சமையலறை போட்டிருக்கா" என்றார்.

"ஃபேன் இருக்குங்களா?"

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

"சரிங்க. திறந்து பார்க்கிறேன்."