குப்பூஸ் சந்தில் நம்பர் இல்லாத வீடு

அண்ணன் சமையலறையில் விழுந்த அந்த வெள்ளிக்கிழமை, எங்கள் சந்தின் சரித்திரத்தை என் அளவுக்குத் தெரிந்தவன் தோஹாவில் வேறு ஒருவன் இருந்திருக்க மாட்டான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எந்தக் கட்டடம் எப்போது இடிபட்டது, எந்தக் கடை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த அறையில் யார் எத்தனை வருடம் இருந்தார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. நாங்கள் குடியிருந்த வீட்டின் நம்பர் மட்டும் தெரியாது.

இந்தச் சரித்திரக் கிறுக்கு எனக்கு ஆபீஸில் பிடித்தது. கட்டுமானக் கம்பெனி ஒன்றில் காகிதங்களை ஸ்கேன் பண்ணி அடுக்கி வைக்கிற வேலை எனக்கு. அங்கே ரிட்டயர் ஆகப்போகிற வயதில் ஓர் ஆங்கிலேய சர்வேயர் இருந்தார். ஒருநாள் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்து ஸ்கேன் பண்ணித் தரச் சொன்னார். அவர் பிறந்த கிராமத்தைப் பற்றி அந்தக் கிராமத்துக்காரர்களே எழுதி அச்சடித்துக்கொண்ட புத்தகம். நாற்பது வீடு இருக்கிற ஊருக்கு நூறு பக்கத்துக்கு மேல்! ஆலைத் தெரு என்று ஒரு தெரு, அதில் ஆலை இல்லை. குளத்து மூலை என்று ஓர் இடம், அங்கே குளத்தைத் தூர்த்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கொல்லன் வீடு என்று பெயருள்ள வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ரொட்டி வண்டி இழுத்த குதிரைக்கு எந்தெந்த வாசலில் நிற்க வேண்டும் என்று தானாகவே தெரியும் என்று ஒரு கிழவி எழுதியிருந்தார். குதிரைக்குத் தனியாக ஒரு போட்டோ வேறு.

ஸ்கேன் பண்ணப் பண்ண எனக்கு வயிறு எரிந்தது. தோஹாவில் நஜ்மா என்கிற பகுதியில் எங்கள் ஒரு சந்தில் மட்டும் அந்தக் கிராமத்தைப் போல நாலைந்து மடங்கு ஜனம். எங்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரே எழுத்து, மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் ‘பெட் ஸ்பேஸ் காலி’ என்று ஒரு கட்டில் இடத்தை வாடகைக்கு விடுகிற தாள்தான். அவர்கள் ஊர்க் குதிரைக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா என்று தோன்றியது. சர்வேயரிடம் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உங்கள் தெருவில் ரொம்ப நாளாக இருக்கிறவர் யாரோ, அவரிடமிருந்து ஆரம்பி” என்றார்.

ரொம்ப நாளாக இருக்கிறவர் என் அண்ணன்தான். இருபத்தோரு வருடம். எலெக்ட்ரீஷியன். பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து முதலில் வந்தவர் அவர், எட்டு வருடம் கழித்து என்னை வரவழைத்தவரும் அவரே. வெள்ளிக்கிழமை காலையில் அவர் மீன் கழுவ, நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நிற்பேன்.

“இதுல என்னடா சரித்திரம்? வந்தோம், கெடக்கோம். எழுதிக்க” என்பார். பிறகு அவரே சொல்ல ஆரம்பிப்பார். சந்து முனையில் குப்பூஸ் சுடுகிற கடை ஒன்று இருந்ததாம். அரபு ரொட்டிக்கு அதுதான் பெயர். பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர் ஒருவர் அடுப்புக் குழிக்குள் தலையை விட்டு விட்டு ரொட்டியை எடுப்பாராம், அவருக்குப் புருவமே கிடையாதாம். கடையை இடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது. நான் அந்தக் கடையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எனக்கு அது குப்பூஸ் சந்துதான். அதைத் தாண்டினால் செருப்புக்கடை சிக்னல். செருப்புக்கடை போய் மொபைல் கடை வந்து, அதுவும் போய் இப்போது சலூன் இருக்கிறது. டாக்ஸிக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், பார்சல் கொண்டுவருகிற பையன் எல்லோரும் எங்கள் ஆள்தான். “செருப்புக்கடை சிக்னல்ல எறங்கி, குப்பூஸ் சந்துல மூணாவது கேட்டு” என்றால் வந்து நிற்பார்கள். நம்பருக்கு வேலையே இல்லை.

நம்பர் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தோஹாவில் எல்லா வீட்டு வாசலிலும் நீல நிறத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் ஸோன், தெரு, கட்டடம் என்று மூன்று எண்கள். எங்கள் கேட்டிலும் ஒன்று இருந்தது. ஒரு குடும்பம் வாழக் கட்டிய வில்லாவை ப்ளைவுட் அடித்துத் தடுத்து, பதினான்கு ஆண்கள் தங்கியிருந்தோம். குடும்பங்கள் இருக்கிற பகுதியில் இப்படி ஆண்கள் கும்பலாகத் தங்கக் கூடாது. ஒரு சமயம் நகராட்சிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு வில்லாவைக் காலி பண்ண வைத்து, கட்டில்களையெல்லாம் வெயிலில் தூக்கிப் போட்டிருந்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. நம்பர் தெரியாவிட்டால் புகார் எழுதுகிறவன் எதை எழுதுவான்? மிச்சம் கிடந்த ப்ளைவுட் துண்டுக்குச் சுவரின் நிறத்தையே அடித்து, நீலத் தகட்டின் மேல் மூடிவிட்டோம். யோசனை என்னுடையது. ட்ரில் பிடித்து நாலு ஸ்க்ரூ முடுக்கியவர் அண்ணன்.

“அவசரம்னு யாராச்சும் வந்தா?” என்று ஏணியில் நின்றபடி கேட்டார்.

“நம்மளத் தேடி யாருண்ணே வரப்போறா?” என்றேன் நான்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில் என்று வீட்டில் பேசி வைத்தோம். நம்பர் மாஃபி. நம்பர் இல்லை. இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜூலை மாதம். நண்பகல். தொழுகை நேரமானதால் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன, சந்தில் ஈ காக்கை இல்லை. வீட்டில் பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேருக்கு டூட்டி. நானும் அண்ணனும் மட்டும்தான். நான் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அண்ணன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

“ஒண்ணுமில்லடா. ஒக்கார வையி” என்றார். உட்கார வைத்தேன். சரிந்தார். போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

எடுத்த பெண் ஆங்கிலத்தில் பேசினாள், என் உளறலைக் கேட்டு ஹிந்திக்கு மாறினாள். “ஸோன் நம்பர் போலோ பாய். பில்டிங் நம்பர்?” நிதானமான, நல்ல குரல். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? செருப்புக்கடை சிக்னல் என்றேன். குப்பூஸ் சந்து, மூணாவது கேட் என்றேன். புருவமில்லாத பட்டாணியர் வரைக்கும் தெரிந்தவன் நான்! அவள் பொறுமையாக, “வாசலில் நீலத் தகடு இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். அப்போது என் வாய் தானாகச் சொன்னது: “நம்பர் மாஃபி.”

அவள் என் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினாள். அமுக்கினேன். இடத்தைக் காட்டும் புள்ளி எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிற வீடுகளின் தெருவில் போய் விழுந்தது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. “வண்டி கிளம்பிவிட்டது, போனை வைக்காதீர்கள்” என்றாள்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். உதடு உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“போர்டு…” என்றார். “போர்டக் கழட்டு.”

“என்னண்ணே?”

“போர்டக் கழட்டுடா.”

அண்ணன் வாயில் போர்டு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். முப்பது வருடமாக போர்டிலேயே உழைத்தவர். தூக்கத்தில்கூட “போர்டுல சப்ளை இருக்கா பாரு” என்று புலம்புவார். அதோடு சமையலறை ப்ளக்கில் ஒரு வாரமாகப் பொறி வந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் வயரிங் பார்க்கிறவர், சொந்தச் சமையலறையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தார். ஐயோ, ஷாக் அடித்துவிட்டது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். மெயின் போர்டு அங்கே காஸ் சிலிண்டர்களுக்கும் பழைய மெத்தைகளுக்கும் பின்னால் இருந்தது. மெத்தைகளை இழுத்துப் போட்டு, கம்பி சுற்றிக் கட்டியிருந்த கதவைப் பிய்த்துத் திறந்து மெயினை அணைத்தேன். ஏசியும் ஃபேனும் நின்று வீடு மொத்தமும் அமைதியானது. அந்த அமைதியில் சைரன் கேட்டது.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம். கை எட்டுகிற தூரம்தான். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு சுவர். “இங்க! இங்க! இதர் ஆவோ!” என்று கத்தினேன். சிலிண்டர் மேல் ஏறிக் கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை. பிறகு சைரன் நகர்ந்தது. போகாதீங்கடா, போகாதீங்க என்று தமிழில் அழுதேன்.

போனில் அந்தப் பெண் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “பாய், வண்டி ஆ கயா, கேட் நம்பர் க்யா ஹை? நம்பர் தேகோ!” வண்டி வந்துவிட்டது, நம்பர் பார் என்று அவள் கத்திய அந்த நொடியில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. அண்ணன் சொன்னது எந்த போர்டு என்று.

முன்வாசலுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. செருப்பில்லாத கால் சுட்டதும் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அண்ணனின் டூல் பெட்டியில் இருந்தது, டூல் பெட்டி கம்பெனி வண்டியில் இருந்தது. ஒரு கரண்டிக் காம்பை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். காம்பு வளைந்தது. அண்ணன் முடுக்கிய ஸ்க்ரூ எதுவும் லேசில் ஆடாது, அவர் வேலை அப்படி. கடைசியில் விரலை நுழைத்துத் தொங்கினேன். ப்ளைவுட் பாதியாக உடைந்து வந்தது, கூடவே என் நகம் ஒன்று. உள்ளே நீலத் தகடு புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. மூன்று எண்களையும் போனில் வாசித்தேன். இரண்டே நிமிடத்தில் வண்டி கேட்டில் நின்றது.

அவர்கள் உள்ளே ஓடியபோது அண்ணன் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். சமையலறை கொதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சை அமுக்கினார்கள், எதையோ ஒட்டினார்கள், தூக்கினார்கள். வண்டியில் நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டினார். எத்தனை நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கத் துணிவில்லை. கேட்டால் ஒரு பதில் இருக்கும்.

உடலோடு ஊருக்குப் போனேன். காரியமெல்லாம் முடித்து இருபது நாளில் திரும்பி வந்தேன். லீவ் அவ்வளவுதான். டாக்ஸியில் இறங்கி கேட்டைப் பார்த்தால் நீலத் தகட்டைக் காணோம். புது ப்ளைவுட், புது நிறம், நாலு புது ஸ்க்ரூ. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உள்ளே போய்க் காட்டுக் கத்தல் கத்தினேன். எவன்டா இதை அடிச்சது என்று ஒவ்வொரு தடுப்பாகத் தட்டினேன்.

ஒருத்தர் மெதுவாகச் சொன்னார். அண்ணனோடு பத்து வருடம் ஒரே அறையில் இருந்தவர். “தம்பி, ஒங்க அண்ணன் எங்களுக்கும் அண்ணன்தான். போன வாரம் ரெண்டு பேர் வந்து சந்துல பாத்துட்டுப் போனானுங்க. இந்த வெயில்ல நாங்க பன்னெண்டு பேரும் எங்க போயிப் படுக்குறது? நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ப்ளைவுட்டைக் கழட்ட எடுத்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு, என் தடுப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி போன் செய்தார். ஊரில் கூட்டத்தில் என்னிடம் தனியாகப் பேச அவருக்கு வாய்க்கவில்லை. சாப்பிட்டீர்களா, வெயில் எப்படி என்று கேட்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. கடைசியா என்ன சொன்னாரு?”

வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அண்ணன் வாயிலிருந்து கடைசியாக வந்ததை மாற்ற எனக்கு என்ன உரிமை? உண்மையைச் சொல்லி, அவர் அடுத்த கேள்வியைக் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

“போர்டக் கழட்டச் சொன்னாரு அண்ணி.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“போற நேரத்துலயும் வேல நெனப்பு! லீவுக்கு வந்தாலும் போர்டுலயேதான் கெடப்பாரு மனுசன். அவருக்கு வேற என்ன தெரியும்?” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “நீங்களாச்சும் கூட இருந்தீங்க தம்பி. தனியா போகல. எனக்கு அது போதும்.”

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“ஆமா அண்ணி” என்றேன்.