பெருமாளுக்கு வேர்த்த ஐப்பசி

என் ஆத்துக்காரர் கஸ்தூரிரங்கன் மாமல்லபுரத்தில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலின் அர்ச்சகர். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கருங்கல் மூர்த்தியின்மேல் நீர் முத்து முத்தாகப் பூத்தால், “பெருமாளுக்கு வேர்க்கறதுடி” என்பார். கதவையெல்லாம் விரியத் திறந்துவைத்து, வேர்வை அடங்கும்வரை விசிறுவார். அதுவரை யாருக்கும் தீர்த்தம் கிடையாது. அவர் அப்பாவும் அப்படித்தானாம். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2005 ஐப்பசி, தீபாவளி நெருங்கும் சமயம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் ஜாடியில் உப்பு நீராகிக் கிடந்தது, தீக்குச்சி பற்றவில்லை, சுவரெல்லாம் ஈரம் வழிந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மருமகள் சுப்ரஜாவுக்கு நிறைமாதம். குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நாவலூர் ஆபீசிலிருந்து பிள்ளை பத்ரி போன் செய்தான்.

“அம்மா, கம்ப்யூட்டர்ல சாட்டிலைட் படம் பார்த்தேன். கடல்மேலேந்து ஈர ஆவி நீளமா ஒரு ஆறு மாதிரி நம்ம பக்கம் வந்துண்டிருக்கு. மேகமாகற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. கொட்ட ஆரம்பிச்சா ரோடே இருக்காது. அவளை இப்பவே அழைச்சுண்டு போங்கோ.”

வாடகைக் காரில் சுப்ரஜாவை ஏற்றி, கோயில் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். பெருமாள் தலையிலிருந்து பாதம்வரை வழிந்துகொண்டிருந்தார். இவர் விசிறிக்கொண்டிருந்தார்.

“தீர்த்தம் வாங்காம நிறைமாசக்காரி ஊர் தாண்டப்படாது. வேர்வை அடங்கட்டும்.”

“எப்படி அடங்கும்? ஜில்லுனு இருக்கற சொம்புக்கு வெளியில நீர் பூக்கறதே, அது சொம்போட வேர்வையா? கடல்லேந்து ஈர ஆவி ஆறு மாதிரி வரதுன்னு பத்ரி சொல்றான்; கதவைத் திறந்துவச்சு அந்த ஆத்தை நீங்கதான் உள்ள விட்டுண்டிருக்கேள்!”

அவர் காதிலேயே வாங்கவில்லை. வாசலில் கார் டிரைவர் மோசஸ் தவித்துக்கொண்டிருந்தான். “சாமி, மானம் பளிச்சுனுதான் கீது. ஆனா இன்னாவோ பேஜாரா கீது. சீக்கிரம் வா சாமி.”

காருக்குள்ளிருந்து சுப்ரஜா வீறிட்டாள். வலி கண்டுவிட்டது.

விசிறி கீழே விழுந்தது. இவர் பெருமாளை ஒரு கணம் பார்த்தார். மூர்த்தியின் மார்பில் வழிந்த நீரையே கையில் ஏந்திவந்து அவள் வாயில் விட்டார். பிறகு, வேர்த்துக்கொண்டிருந்தவரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அழுதுகொண்டே காரில் ஏறினார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பகலே இருண்டுவிட்டது. அப்படி ஒரு மழையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பின்னால் சாலை தண்ணீருக்குள் போனது. அன்றைக்கே ஆபரேஷன் செய்து பேத்தி அதிதியைக் கையில் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர்.

வெள்ளம் வடிந்து ஊர் திரும்பியதும் இவர் கதவைத் திறந்தார். பெருமாள்மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. விசிறி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

“பார்த்தேளா, கதவை மூடினேள், காஞ்சுடுத்து” என்றேன்.

இவர் உலர்ந்த அந்த மார்பைத் தொட்டுப் பார்த்தார்.

“அத்தனை நாளும் உள்ள மூச்சு முட்டியிருக்குமோடி அவருக்கு?”

கீழே கிடந்த விசிறியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.