காப்பு கட்டிய கையோடு

தங்கலட்சுமி அக்கா திருச்சுழியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருடமாகிறது. பகலில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போவார்கள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டால், தறிக்கும்மியில் முதல் பாட்டு அவர்களுடையதுதான். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. தறி ஓடுகிற மாதிரியே இருக்கும். அந்தக் கும்மி அருப்புக்கோட்டையைத் தாண்டி எத்தனையோ ஊருக்குப் போய்விட்டது.

அது பிறந்த தெருவுக்குத் 'தறிக்கும்மித் தெரு' என்று பெயர் வைக்க நகராட்சியில் முடிவு செய்தார்கள். எந்தத் தெரு என்று விசாரிக்க ஓர் அலுவலர் வருவதாக இருந்தது. எங்கள் தெருவுக்கு அதுவரை பெயரே கிடையாது, எல்லோருக்கும் ஆசை. அக்காவின் கொழுந்தன் பால்ச்சாமிக்கு ரொம்பவே ஆசை. கும்மியை நேரில் பார்த்தால் அலுவலர் சொக்கிப்போவார் என்று, அவரைப் பொங்கலன்றே வரச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. முளைப்பாரி போட்டவர்கள் கையில் காப்பு இருக்கும். அதை அவிழ்க்கும் வரை பொய் பேசக் கூடாது. என் கையிலும் இருந்தது.

அலுவலர் கும்மியைப் பார்த்துவிட்டு, "இது மொதல்ல எங்கம்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"நம்ம தெருன்னு சொல்லுங்க மதினி," என்றார் பால்ச்சாமி.

அக்கா கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்கள்.

"சார், நான் வந்த புதுசுல நெசவுத் தெருவுல ஜக்கம்மா வீட்டுக்குத் தறி நூலைத் தார்க்குச்சியில சுத்தப் போவேன். அவுகதான் தறிச் சத்தத்துக்குக் கை தட்டிப் பாடுவாக. வீட்டுப் பேச்சு தெலுங்கு, பாட்டு தமிழு. அங்கருந்துதான் நான் கொண்டாந்தேன்."

அலுவலர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"கெடுத்துட்டீகளே மதினி!"

"நீங்கதான மாமா நாளு பாத்து வரச் சொன்னீக?" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி சிரித்தாள்.

"வேற மாசம் வந்திருந்தா நானும் நம்ம தெருன்னுதான் சொல்லிருப்பேன்," என்றார்கள் அக்கா. "ஆத்தா நிறுத்திட்டா."

வைகாசியில் நெசவுத் தெருவில் புதுப் பெயர்ப் பலகை வைத்தார்கள். ஜக்கம்மாள் இப்போது இல்லை. அவர் மருமகள் தேவிபிரியா வீடு தேடி வந்து அந்த விழாவுக்கு அக்காவை அழைத்தாள். பால்ச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"அங்கயுமா போறீக? வெக்கமா இல்ல?"

"பெத்தவ வீட்டுல பேரு வைக்கிறாக. வளத்தவ போகாம இருக்கலாமாப்பா?"

அக்கா நல்ல சேலையை எடுத்துக் கட்டினார்கள். நானும் கூடப் போனேன்.