அக்கா ஓட்டினால் மட்டும் வரும் சத்தம்

ஒரு காரின் பின்பக்கம் டொக்கென்று சத்தம் போட்டால் அது காரின் குறை. அதே காரை என் அக்கா ஓட்டினால் அது அக்காவின் குறை. இந்த நியாயத்தை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவர் அவள் புருஷன், என் அத்தான். அதற்கு ஜால்ரா போட்டவன் அவள் கொழுந்தன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தானின் தலை நரைக்கும் முன்பே வாங்கிய கார் அது. அவர் ஓட்டிய காலத்தில் எது ஆடினாலும், எது கழன்றாலும், "ரோடு சரியில்ல" என்பார். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் பெடலை மிதிக்க முடியவில்லை. நடைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாக வேண்டும். அக்கா முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவள். ஐம்பதை நெருங்கும் வயதில் போய் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி வந்தாள். பாராட்டத்தான் வேண்டாம், வாயையாவது மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா? அத்தான் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, உயிர் போகுது" என்று வழியெல்லாம் பாராயணம் செய்வார்.

வலி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் இடித்த இடி நேராக அவர் இடுப்பில் போய் இறங்கியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை காரின் உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறதாம். அது கிழிந்துவிட்டதாம். மாற்றினார்கள். கொஞ்ச நாள் சத்தமில்லை, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி மாற்றினார்கள், மறுபடி டொக். மூன்றாம் தடவை போனபோது ஒர்க்‌ஷாப்காரர் அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அத்தானிடம் சொன்னார்: "பார்ட்டெல்லாம் நல்ல பார்ட்தான் சார். ஓட்டுற கை சரியில்லன்னா நாங்க என்ன பண்றது?"

அத்தான் தலையாட்டினார். கட்டின பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், மனுஷன் தலையாட்டுகிறார்!

அன்றே கொழுந்தன் தீர்ப்பு சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமை பழைய வண்டி வாங்குறவரைக் கூட்டிட்டு வரேன் அண்ணி. வித்துடலாம். அண்ணனை நான் என் வண்டில கூட்டிட்டுப் போறேன்."

அவன் கூட்டிப்போகிற லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? ஆபரேஷன் ஆன புதிதில் அவன்தான் பொறுப்பு. பாதி நாள் மீட்டிங் என்று போன் வரும். அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே வருவார். பயிற்சி விட்டுப்போனதால்தான் கைத்தடி இன்னும் அவரை விடவில்லை. கார் போனால் அத்தானின் நடையும் போய்விடும். அக்கா அதை நினைத்தாள். நான் அவள் மானத்தை நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? நானே மாத்தறேன்" என்றாள் அக்கா.

கொழுந்தன் சிரித்தான். "இது பட்டன் தைக்கிற வேலை இல்ல அண்ணி."

சனிக்கிழமை காலை அத்தானின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா இறங்கினாள். பக்கத்துக்கு ஒன்றாக வாங்கிய புது புஷ் இரண்டும் முதல் நாளிலிருந்தே ஃப்ரீசரில் இருந்தன. குளிர்ந்தால் கொஞ்சம் சுருங்கும், சுலபமாக நுழையும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தாள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரங்களைக் கழற்றினோம். துருப்பிடித்த போல்ட் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஸ்பேனரில் குழாயைச் செருகி நான் முழு பலத்தோடு தொங்கினேன். அது கழன்றபோது நான் மல்லாக்க விழுந்தேன். பிறகு ஒரு நீள போல்ட், சில வாஷர், ஒரு குழாய்த் துண்டு, இவற்றை மாட்டி நட்டைத் திருகித் திருகிப் பழைய புஷ்ஷை அக்கா வெளியே இழுத்தாள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரப்பர் புதுசு மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரே பக்கமாகத் திருகிக் கிழிந்திருந்தது.

"இது இடிச்சுக் கிழியலடி. முறுக்கிக் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

"அதனால என்ன?"

"அங்க வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை இறுக்கினாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒருத்தரைக் கையைத் தூக்கச் சொல்லி, அப்படியே அளவு பிடிச்சு சட்டை தைச்சா, கையை இறக்கினதும் என்ன ஆகும்?"

"அக்குள்ல இழுக்கும்."

"நாள் முழுக்க இழுத்துக்கிட்டே இருந்தா?"

கிழியும். வேறென்ன? ஒர்க்‌ஷாப் இருக்கும் திசையைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஓட்டுகிற கையாம்! இறுக்கின கையை யார் கேட்டார்கள்?

அக்கா திட்டிக்கொண்டிருக்கவில்லை. சில்லென்றிருந்த புது புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே இழுத்தாள். போல்ட்டை மாட்டி, இறுக்காமல் லூசாகவே விட்டாள். அடுத்த பக்கமும் அப்படியே. சக்கரங்களை மாட்டி, அடியில் அகலமான தடிப் பலகைகள் போட்டு, காரை இறக்கினோம். தன் எடையோடு அது நன்றாக உட்கார்ந்த பிறகுதான் அடியில் படுத்துப் போய் இறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தன் ஆளைக் கூட்டி வருவதற்கு முன்பே அத்தானை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே ஆஸ்பத்திரி ரோடு, அதே பள்ளங்கள், அதே ஸ்பீடு பிரேக்கர். டொக் இல்லை. அத்தான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திருப்தியாகச் சொன்னார்: "பரவாயில்லையே, ரோடு புதுசா போட்டுட்டாங்க போல."

எனக்கு வந்ததே கோபம்! நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா காரை ஓரம் கட்டினாள்.

"இறங்கிப் பாருங்க."

"எதை?"

"புது ரோட்டை."

கைத்தடியை ஊன்றி இறங்கினார். காருக்குப் பின்னால் நடந்து போனார். நாங்கள் கடந்து வந்த பள்ளத்தில் சேற்றுத் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கைத்தடியை அதில் விட்டு ஆழம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, ஸ்டியரிங்கில் இருந்த அக்காவின் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக இருந்தது.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடு. வண்டி நல்லாத்தான் இருக்கு."

வண்டி நல்லாத்தான் இருக்காம்! அவள் பேரைச் சொன்னால் வாய் வெந்து போய்விடுமா?

அக்கா காரை எடுத்தாள். அடுத்த பள்ளம் வந்தது. அத்தானின் கை பழக்கத்தில் கைப்பிடியைத் தேடி மேலே போயிற்று. பாதியில் நின்றது. இறங்கி மடியில் படுத்துக்கொண்டது.

அக்காவுக்கு அது போதுமாம். எனக்குப் போதாது.