முதலிடத்துக்கு ஆசைப்பட்ட மருத்துவச்சி

நான் பாளையங்கோட்டையில் மருத்துவச்சியாக இருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைசானிமார் நடத்தும் பெண்கள் சைக்கிள் பந்தயத்தில் போன வருஷம் இரண்டாவதாக வந்தேன். முதலிடத்து ஏக்கத்தில், ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் சீவலப்பேரி சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகப் போய்விட்டேன்.

திரும்பும்போது, நிறைமாதமாயிருந்த மரியாளின் புருஷன் எதிரே ஓடிவந்தார்.

“எங்கனம்மா போனிய? ஊரெல்லாம் தேடுதேன். அவ வலியில துடிக்கா.”

மூச்சுவாங்க மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை நீலம் பாரித்திருந்தது. வாயில் ஊதி, முதுகைத் தேய்த்த பிறகே அழுதது. எனக்கும் அழுகை வந்தது.

இந்த வருஷப் பந்தயத்தன்று இன்னொருத்திக்கு வலி கண்டதால் நான் போகவில்லை. சைக்கிள்கள் கடந்து போவதை அவள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்து நின்றேன்.

ஆசை விடவில்லை, இன்னும் பழகுகிறேன். ஆனால் பிரசவ நாள் நெருங்கியவள் இருக்கும் தெருவையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.