ரங்கேலின் வெல்டிங் மெஷினும் அக்காவின் பீப்பாயும்

என் அக்கா நெதெல்யாவின் புருஷன் ரங்கேலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. பல்கேரியாவில், பாஸார்ஜிக் பக்கத்து எங்கள் ஊரில் அவனைக் கெட்டிக்காரன் என்பார்கள். சொல்பவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தியதில்லை.

கோழிக் கொட்டகையைப் பட்டறையாக்கி, தானே செம்புக் கம்பி சுற்றி ஒரு வெல்டிங் மெஷின் செய்து வைத்திருந்தான். அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதை எழுப்ப அக்கா வீட்டுச் சாமான்தான் போகும். வாஷிங் மெஷினின் மோட்டார் போனது. கரண்ட் அடுப்பின் சுருள் கம்பி போனது. கேட்டால், "திருப்பி வெச்சிடறேன்" என்பான். ஒன்றும் திரும்பியதில்லை. கடைசியில் அக்கா சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை என்னைக் கேக்காம எதையாவது எடுத்தா, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்." அன்றைக்கே நான் என் வீட்டு உள்ளறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.

நவம்பரில் அவர்கள் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பின் பக்கத் தகடு விரிசல் விட்டது. வீடெல்லாம் புகை. ரங்கேல் அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். மெஷினில் கரண்டைக் குறைக்கும் பாகம் கருகிப் போயிருந்ததால், வைத்த இடமெல்லாம் தகடு ஓட்டையானது. இதற்கு ஊரில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு வாளி உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்புத் துண்டைப் போட்டு, கரண்டை அதன் வழியாக விட்டுக் குறைப்பார்கள்.

நானும் அக்காவும் சமையலறையில் கோட்டு மாட்டிக்கொண்டு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம்.

"யார் வீட்ல முட்டைக்கோஸ் வேகுது?" என்றாள் அக்கா.

வாசனை பட்டறையிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால் வாளி கொதித்துக்கொண்டிருந்தது.

"கிட்ட வராதீங்க, கரண்டு," என்றான்.

"இது என்ன தண்ணி?" என்றாள் அக்கா.

"பீப்பாய்த் தண்ணிதான். வீட்லயே உப்புத் தண்ணி இருக்கறப்போ கடைக்குப் போய் உப்பு வாங்கணுமா?"

வீங்கிய விரல்களோடு அக்கா முட்டைக்கோஸ் அடுக்கி, உப்புத் தண்ணீர் விட்டு, ஊறி முடியும்வரை தினமும் அடித் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்றி ஊறவைத்த பீப்பாய் அது. எங்களுக்குக் குளிர்காலச் சாப்பாடே அதுதான். நிலவறைக்கு ஓடி மூடியைத் திறந்தாள். மேலே வெள்ளைப் பூஞ்சை, உள்ளே கொழகொழவென்று அழுகல். போன வாரமே சோதனை பார்க்க வாளி வாளியாக மொண்டுவிட்டு, பதிலுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான்.

"அளவு சரியாத்தானே இருக்கு," என்றான் பின்னாலேயே வந்து.

"உங்க மண்டையிலயும் யாரோ மொண்டுட்டு தண்ணி ஊத்தியிருக்காங்க, அத்தான்," என்றேன்.

"உன் வாய்க்குத்தான் முதல்ல வெல்டிங் வைக்கணும், கொழுந்தியா."

அக்கா மேலே ஏறிப் போனாள். துணிகளைப் பையில் திணித்தாள். அதற்குள் அவன் தகட்டைப் பற்றவைத்து, மாட்டி, அடுப்பையும் மூட்டிவிட்டான். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், ஒரு இழை புகை வரவில்லை.

"பாரு, எங்கயாவது புகையுதா?"

அக்கா குனிந்து பார்த்தாள். "இல்ல. நல்லா ஒட்டியிருக்கு." பையை எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம் எங்க போற? உனக்குக் குளிருதுன்னுதானே இதைப் பண்ணேன்?"

அவள் நின்றாள். போச்சு, மனசு மாறிவிட்டாள் என்று எனக்குப் பகீரென்றது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே மொண்டு குடுத்திருப்பேன்," என்றாள்.

அவன் குனிந்து அடுப்பில் இன்னொரு விறகைப் போட்டான். அவளே கதவைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தாள்.